தெருதான் சாப்பாட்டு அறை

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் நல்ல பனீனோக் கடைக்கு, அதாவது ரொட்டிக்குள் கறியோ காயோ வைத்து விற்கும் கடைக்கு, நான் வைத்திருக்கும் அடையாளம் ஒன்றுதான்: உட்கார இடம் இருக்கக் கூடாது. வியா தெய் சிமாத்தோரி என்ற குறுகலான தெருவில் 'இ ஃப்ரதெல்லீனி' என்றொரு கடை 1875 முதல் நடக்கிறது. கடை என்பதைவிடச் சுவரில் குடைந்த ஒரு மாடம் என்று சொன்னால் சரியாக இருக்கும். உள்ளே நிற்பவர்கள் ரொட்டியை அறுத்து, கேட்டதை வைத்து, மூடித் தருவார்கள். வாங்குகிறவருக்கு உள்ளே வேலையே இல்லை. வெளிச்சுவரில் சின்னச் சின்ன மரத்தட்டு அடித்து எண் எழுதியிருக்கிறார்கள். ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கும்போது வைன் கோப்பையை எங்கேயாவது வைக்க வேண்டுமே, அதற்கு. எண் எதற்கென்றால், யார் கோப்பை எது என்று குழம்பாமலிருக்க. கடை முழுக்க வாடிக்கையாளருக்கென்று செய்துகொடுத்த வசதி அந்த மரத்தட்டு மட்டும்தான். அதுவும் தெருவில் இருக்கிறது.

நம் கையேந்தி பவன் கணக்குதான் இங்கேயும். கடைக்காரர் வாடகை கொடுப்பது அடுப்புக்கும் பலகைக்கும். சாப்பாட்டு அறையை ஊர் கொடுக்கிறது.

இத்தாலியில் உட்காருவதற்கே தனியாகக் காசு உண்டு. உணவகத்தில் மேசையில் அமர்ந்தால் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் ஏறும். காபிக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு விலை. அதே காபியை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. பியாஸ்ஸா தெல்லா சிஞ்ஞோரியா மாதிரிப் பெரிய சதுக்கம் என்றால் பல மடங்கு. மதியம் அரை மணி நேர இடைவேளையில் வேலையை விட்டு வருகிற ஆளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. அவருக்காக இருப்பவை இந்தக் கடைகள். சில யூரோ, ஒரு ரொட்டி, கையில் ஒரு காகிதம். வேண்டுமென்றால் சின்னக் கோப்பையில் சிவப்பு வைன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதைக் கொறிப்பு என்று சொன்னால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது மதியச் சாப்பாடு.

அப்படிப்பட்ட கடைகளில் பழையது, எனக்குப் பிடித்தது, லாம்ப்ரெதொத்தோ வண்டி.

மாட்டுக்கு இரைப்பை நாலு அறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதல் மூன்றை இத்தாலி முழுக்கச் சமைக்கிறார்கள். ரோமில் தக்காளியும் புதினாவும் போட்டு மேலே பெகொரினோ என்ற பாலாடைக்கட்டியைத் துருவுவார்கள்; மிலானில் பீன்ஸ் சேர்த்துக் குழம்பாக வைப்பார்கள். நாலாவது அறைதான் லாம்ப்ரெதொத்தோ. அதை வேகவைத்து, ரொட்டிக்குள் அடைத்து, தெருவில் நின்று தின்பது ஃபுளோரன்ஸ்காரர்களின் தனிச் சொத்து. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போனது, குடலும் இரைப்பையும் கூலி ஆட்களுக்கு வந்தது. இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே வித்தியாசம் என்னவென்றால், அதே வண்டி முன்னால் இன்று கோட்டு போட்ட வக்கீலும் வர்ணம் அடிக்கிற ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி முன்னால் குனிந்துதான் கடிக்கிறார்கள். குழம்பு ஒழுகும், வக்கீலின் கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் கிடக்கும்.

மெர்காத்தோ நுவோவோ என்ற பழைய சந்தை மண்டபத்தில் வெண்கலக் காட்டுப்பன்றி ஒன்று இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பியெத்ரோ தாக்கா வார்த்தது. மூலச்சிலை இப்போது பார்தீனி அருங்காட்சியகத்தில், மண்டபத்தில் இருப்பது நகல். வந்தவர்கள் எல்லாரும் மூக்கைத் தடவித் தடவி மூக்கு மட்டும் தங்கமாக மின்னுகிறது. அங்கே படம் எடுக்க நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர், பக்கத்திலேயே த்ரிப்பாயோவின் வண்டி ஆவி விட்டுக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. த்ரிப்பாயோ என்பவர் இந்தக் குடல் வியாபாரி. குடலை விற்கிறவர்தான், ஆனால் கை பார்த்தால் தையல்காரர்.

வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பெரிய பாத்திரத்தில் தக்காளி, வெங்காயம், செலரி, பார்ஸ்லி போட்ட தெளிந்த குழம்பு மெதுவாகக் கொதிக்கிறது. கொதி என்றுகூடச் சொல்ல முடியாது, மேற்பரப்பு சும்மா நடுங்குகிறது. அவர் நீண்ட முள்கரண்டியை உள்ளே விட்டு ஒரு துண்டைத் தூக்குவார். பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருக்கு விழுந்து தொங்கும். இரண்டு விநாடி பாத்திரத்தின் மேலேயே பிடித்து வடிய விடுவார். மரப்பலகையில் போட்டு, சூடு ஆறுவதற்குள், விரல் நுனியால் பிடித்தும் பிடிக்காமலும் கத்தியால் பொடியாக நறுக்குவார். சுருக்கு விழுந்த பகுதி கொஞ்சம், கொழுப்பான பகுதி கொஞ்சம். இரண்டும் கலந்தால்தான் சரி. செமெல்லே என்ற உருண்டை ரொட்டியை அறுத்து, கீழ்ப் பாதியில் குவித்து, உப்பும் மிளகும் தூவுவார். அப்புறம் பச்சைச் சாந்து: பார்ஸ்லி, பூண்டு, கேப்பர், நெத்திலி, வினிகரில் ஊறிய ரொட்டி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்தது. கேட்டால் மிளகாய் எண்ணெய். கடைசியில், ரொட்டியின் மேல் பாதியை முள்கரண்டியில் குத்தி, அறுத்த பக்கம் கீழே வருகிறபடி அந்தக் குழம்பில் ஒரு முக்கு. முக்குவது ஒரு விநாடி. இரண்டாவது விநாடி போனால் ரொட்டி கையில் பிய்ந்துவிடும். அவ்வளவு நேரம் முக்காவிட்டால் பனீனோ தொண்டையை அடைக்கும். மொத்த வித்தையும் அந்த ஒரு முக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். லாம்ப்ரெதொத்தோவுக்கென்று பெரிய ருசி கிடையாது. மெத்தென்று, லேசான மாட்டுக்கறி வாசனையோடு இருக்கும், அவ்வளவுதான். பச்சைச் சாந்தின் புளிப்பும் நெத்திலியின் உப்பும் ரொட்டி குடித்த குழம்பும் சேர்ந்து அதைச் சாப்பாடாக்குகின்றன.

மதுரையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தபோது அங்கே கூட்டிப் போனேன். வண்டியை நெருங்கும்போதே சித்தப்பா மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, இது போட்டி வாசனைல்ல?"

"அதேதான் சித்தப்பா. ஆனா இது மாடு. நாலாவது வயிறு."

"நாலுல எதுன்னு வேற பாத்து விக்கிறாய்ங்களா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் வரிசையில் நின்றுவிட்டார். சித்தி, "எனக்கு வேணாம்ப்பா, நீங்க சாப்பிடுங்க" என்று பன்றியின் மூக்கைத் தடவப் போய்விட்டார். சித்தி மாடு சாப்பிட மாட்டார்.

த்ரிப்பாயோ மிளகாய் எண்ணெய்ப் புட்டியைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். சித்தப்பா தலையாட்டினார். அவர் இரண்டு சொட்டு விட்டார். "இன்னும் ஊத்தச் சொல்லும்மா, மருந்து மாதிரி விடறாரு." அவர் இன்னும் கொஞ்சம் விட்டார். சித்தப்பா கையை எடுக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் இத்தாலியனில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் புட்டியையே சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார் கடைக்காரர். முதல் வாய் கடித்துவிட்டு, "நம்ம போட்டிய விட மெத்துன்னு இருக்கு. ஆனா மசாலா பத்தாது" என்றார் சித்தப்பா. அடுத்த வாய்க்கு எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாயில் இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டார்.

சித்திக்கு வேறொரு கடையில் பெகொரினோவும் வதக்கிய கத்தரிக்காயும் வைத்த ஸ்கியாச்சாத்தா என்ற தட்டை ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு ரொம்பப் பிடித்தது. பெகொரினோ செம்மறியாட்டுப் பாலில் செய்த கட்டி. அந்தப் பாலைத் திரிக்கிற உறைப்பொருளைப் பெரும்பாலும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து, அதுவும் இதே நாலாவது அறையிலிருந்து எடுப்பார்கள். அதைச் சித்தியிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

ஸ்கியாச்சாத்தா பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இன்று ஃபுளோரன்ஸ் பனீனோ என்றால் உலகத்துக்குத் தெரிவது அதுதான். தட்டையான ரொட்டி, விரலால் அங்கங்கே குழி அழுத்தி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கல்லுப்பு தூவிச் சுடுவது. மேலே மொறுமொறு, உள்ளே காற்று. ஃபுளோரன்ஸ் இருக்கிற டஸ்கனிப் பகுதியின் சாதாரண ரொட்டியில் உப்பே கிடையாது. உப்பு வரி, பிசா நகரத்தோடு பகை என்று காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள். எப்படியோ, உப்பில்லாத அந்த ரொட்டிக்கு 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. முதலில் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் இங்கே பன்றித் தொடைக்கறியும் சலாமியும் உப்புக் கரிக்கும். அதற்கு அந்தச் சப்பு ரொட்டிதான் ஜோடி. சலாமிகளில் ஃபினோக்கியோனா என்று ஒன்று, பன்றிக் கறியில் சோம்பு போட்டுச் செய்வது. மிளகு யானை விலை விற்ற காலத்தில் காட்டில் சும்மா முளைக்கிற சோம்பைப் போட ஆரம்பித்தார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. அந்த மிளகு மலபார்க் கரையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நம் பக்கத்து விலையால் அவர்கள் ஊர் சலாமியின் வாசனை மாறியது என்று நினைத்துக்கொண்டே ஒரு வாய் கடிப்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

இதே ஃபினோக்கியோனாவின் உதிரி வகை ஸ்பிரிச்சோலோனா. துண்டு போடும்போதே பொலபொலவென்று உதிரும். அதை ஸ்கியாச்சாத்தாவில் வைத்து, பெகொரினோ கிரீமும் ஆர்ட்டிச்சோக் கிரீமும் தடவி, காரமான கத்தரிக்காய் வைத்தால் 'லா ஃபவொலோசா'. வியா தே நேரியில் இருக்கும் 'அல்லாந்தீகோ வினாயோ' கடையின் பெயர்பெற்ற பனீனோ. மஸ்ஸாந்தி குடும்பம் நடத்துகிற கடை. தெருவின் இரண்டு பக்கமும் வாசல்கள் வைத்து வளர்ந்து, இப்போது நியூயார்க் வரை போயிருக்கிறது. பனீனோ அருமையாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. அளவு கொஞ்சம் அதிகம். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும். உஃபீட்ஸி அருங்காட்சியகத்துக்குப் பின்பக்கம் என்பதால் போத்திச்செல்லியின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருகிற அத்தனை பேரும் நேராக இங்கேதான் வருகிறார்கள். மதியம் அந்தத் தெருவில் வரிசை எங்கே முடிகிறது, நடக்கிற கூட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கடை எத்தனை கிளை விட்டாலும் சாப்பாட்டு அறை வளராது. அது தெரு. அந்தத் தெருவில் வீடுகள் உண்டு, அந்த வீடுகளுக்கு வாசல்படி உண்டு, படியில் உட்கார்ந்து யாராவது ஃபவொலோசா தின்றுகொண்டிருப்பார்கள், வீட்டுப் பாட்டி காய்கறிப் பையோடு "பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ" என்று வழி கேட்டுக்கொண்டு நிற்பார். 2017 கோடையில் அப்போதைய மேயர் தாரியோ நார்தெல்லா, தேவாலயப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைக் கிளப்ப மதிய நேரத்தில் குழாய் வைத்துப் படிகளை நனைக்கச் சொன்னார். ஈரப் படியில் யார் உட்காருவார்கள்? அடுத்த வருடம் செப்டம்பரில் உத்தரவே போட்டார்: வியா தே நேரி, உஃபீட்ஸி முன்பகுதி, பியாஸ்ஸா தெல் கிரானோ, வியா தெல்லா நின்னா ஆகிய நாலு இடங்களில் மதியம் 12 முதல் 3 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் நடைபாதையிலோ வாசல்படியிலோ உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட்டால் 150 முதல் 500 யூரோ வரை அபராதம். 2019 ஜனவரி 6 வரை அமலில் இருந்தது. ஐந்து யூரோ ரொட்டிக்கு ஐந்நூறு யூரோ தண்டம் என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன.

அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. தெருவில் சாப்பிடக் கூடாது என்றால் இந்தக் கடைகள் எதற்கு? ஆனால் அந்தப் பாட்டியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தெருவைச் சாப்பாட்டு அறையாக வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய ஒப்பந்தம், சாப்பிடுகிறவர் அந்த ஊர்க்காரராக இருந்த காலத்தில் ஏற்பட்டது. அவர் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, காகிதத்தைக் கசக்கிக் கடைத் தொட்டியில் போட்டுவிட்டு, வேலைக்குப் போய்விடுவார். நாளைக்கும் வருவார். பாட்டியை அவருக்குத் தெரியும். இப்போது வருகிறவர் வாழ்நாளில் ஒரு முறை வருகிறார். படம் எடுக்க ஐந்து நிமிடம், தின்ன இருபது நிமிடம், களைத்த காலை நீட்ட இன்னொரு அரை மணி. அவரையும் குறை சொல்ல முடியாது, நானும் வெளியூர்தானே.

இதே நகராட்சி இன்னொரு காரியமும் செய்தது. 2016-இல் பழைய நகரப் பகுதியில் புதிதாகத் தொடங்கும் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பகுதி, அதாவது 70 விழுக்காடு, உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அந்த வருடம்தான் பேராலயம் நிற்கும் பியாஸ்ஸா தெல் துவோமோவில் மெக்டொனால்ட்ஸ் கடை திறக்கக் கேட்டது, நகராட்சி மறுத்துவிட்டது, நிறுவனம் ஏறக்குறைய 1.8 கோடி யூரோ நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. ரொட்டிக்கு நடுவில் கறி வைத்து விற்கும் ஒரு கடையைத் துரத்துகிற ஊர், ரொட்டிக்கு நடுவில் கறி வைத்து விற்கும் இன்னொரு கடையின் முன்னால் கூட்டம் தாங்காமல் தவிக்கிறது. எது உள்ளூர் என்பதை விதியால் காப்பாற்றலாம். எத்தனை பேர் தின்னலாம் என்பதற்கு விதி எழுதுவது கஷ்டம்.

ஃபுளோரன்ஸுக்குச் சுவர் ஓட்டை வியாபாரம் புதிதல்ல. பழைய மாளிகைகளின் வெளிச்சுவரில், ஒரு புட்டி மட்டும் நுழையும் அளவுக்குச் சின்ன ஜன்னல்கள் பார்க்கலாம். புகேத்தே தெல் வீனோ, வைன் ஓட்டைகள் என்று பெயர். பிரபுக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து வைனைக் கடைக்காரருக்குக் கொடுக்காமல் நேராகத் தெருவுக்கு விற்ற வழி அது. நகரத்துக்குள் நூற்றைம்பதுக்கு மேல் இன்னும் இருக்கின்றன. 1630-களில் கொள்ளைநோய் வந்தபோது, ஒருவரையொருவர் தொடாமல் விற்க இவை கைகொடுத்தன. 2020-இல் கொரோனா வந்ததும் சிலர் அந்த மரக்கதவுகளை மறுபடி திறந்து, காபியும் ஐஸ்கிரீமும் வைனும் நீட்டினார்கள். கொடுக்கிறவர் உள்ளே, குடிக்கிறவர் வெளியே. பிரபுவாக இருந்தாலும் சரி, பனீனோக்காரராக இருந்தாலும் சரி, தெருவுக்கு வாடகை யாரும் கொடுத்ததில்லை.

எனக்கென்னவோ, வரிசை வளைந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் அங்கே பனீனோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுகப்படுவதில்லை. நின்று தின்பதன் சுகமே அவசரமில்லாத அந்தப் பத்து நிமிடம்தான்; பின்னால் நாற்பது பேர் மூச்சு விட்டால் அது வராது. அதனால் என் ஓட்டு வண்டிக்கும் சந்தைக்கும்தான். சான் லொரென்ஸோவில் இருக்கும் மெர்காத்தோ செந்திராலே 1874-இல் திறந்தது. மிலானின் கண்ணாடிக் கூரை கேலரியைக் கட்டிய ஜூசெப்பே மெங்கோனி வடிவமைத்த இரும்புக் கட்டடம். ஃபுளோரன்ஸ் 1865 முதல் 1871 வரை இத்தாலியின் தலைநகராக இருந்தபோது எடுத்த பெரிய திட்டங்களின் மிச்சம். மாடியில் 2014-இல் பளபளவென்று சாப்பாட்டு வளாகம் போட்டிருக்கிறார்கள். அது விமான நிலையத்தில் இருப்பது போன்ற இடம், விட்டுவிடலாம். கீழ்த்தளத்தில் 'நெர்போனே' என்ற கடை, பலகையில் கட்டடத்துக்கும் முந்திய 1872 என்று போட்டிருக்கும். லாம்ப்ரெதொத்தோ பிடிக்காதவர்கள் அங்கே வேகவைத்த மாட்டுக்கறி வைத்த 'பொல்லீத்தோ' பனீனோ கேட்கலாம். அதே பச்சைச் சாந்து, அதே முக்கு. இன்னும் அமைதி வேண்டுமென்றால் கிழக்கே சாந்தம்ப்ரோஜோ சந்தைப் பக்கம் நடங்கள். அங்கே காய்கறி வாங்க வருகிறவர்கள்தான் அதிகம், மொழி தெரியாவிட்டாலும் அவர்கள் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சந்தையின் கீழ்த்தளமும் பெரும்பாலான வண்டிகளும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் ஒரு மணிக்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது. "பஞ்ஞாதோ?" என்று கேட்டால் ரொட்டியை முக்கவா என்று அர்த்தம், ஆமாம் என்று சொல்லுங்கள். சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை போடாமல் போவது இன்னும் உத்தமம். மிளகாய் எண்ணெயை இரண்டு சொட்டோடு நிறுத்திவிடுவார்கள். புட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தருவார்கள்.